எட்டாவது 'ஆல் பாஸ்'... அதுக்கப்புறம் எங்கே? ஒரு அரசு நடுநிலைப் பள்ளியை எடைபோடுவது எப்படி?

மே மாதம் வந்தால் பிளஸ் டூ ரிசல்ட். அது அடங்குவதற்குள் பத்தாம் வகுப்பு ரிசல்ட். எந்த மாவட்டம் முதலிடம், எது கடைசி, அரசுப் பள்ளிகள் எத்தனை சதவீதம் என்று டிவி ஸ்க்ரோலில் ஆரம்பித்து குடும்ப வாட்ஸ்அப் குரூப் வரைக்கும் ஒரு வாரம் அதே பேச்சு. இந்தப் பேச்சில் ஒருமுறைகூட பெயர் அடிபடாத பள்ளிகள் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 7,000 இருக்கின்றன. அவைதான் அரசு நடுநிலைப் பள்ளிகள்.

ஒன்றாம் வகுப்பில் ஆரம்பித்து எட்டாம் வகுப்பில் முடிகிறவை இவை. கிராமங்களில் பெரும்பாலும் 'ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி' என்று போர்டு இருக்கும். பொதுத்தேர்வு கிடையாது, ரேங்க் கிடையாது, ஃபெயிலும் கிடையாது. எட்டு முடித்தால் எல்லாரும் பாஸ். அதனால் நல்லா நடக்கும் பள்ளிக்கும், பெயருக்கு நடக்கும் பள்ளிக்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இரண்டுக்கும் ஒரே ரிசல்ட்: நூற்றுக்கு நூறு.

அணைக்கட்டில் இது ஏன் பெரிய கேள்வி?

வேலூர் மாவட்டத்தின் அணைக்கட்டு ஒன்றியத்தை எடுத்துக்கொள்வோம். 2019-ல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டன. அணைக்கட்டு வேலூரோடு தங்கியது. மேப்பில்தான் கோடு மாறியது, வேலைக்குப் போகும் வழி மாறவில்லை. பள்ளிகொண்டாவில் நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஆம்பூர் பக்கம்தான். டேனரியும் ஷூ கம்பெனியும் அங்கே. கம்பெனிக்குப் போக முடியாத பெண்களுக்கு இந்த வட்டாரத்தில் வீட்டிலேயே ஜோடிக்கு இவ்வளவு என்று ஷூவின் மேல்பாகம் தைக்கும் வேலை உண்டு. பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் பீடி.

ஒன்றியத்தின் இன்னொரு பக்கம் மலை. பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை ஆகிய மூன்று மலை ஊராட்சிகள். 2023 மே மாதம் அல்லேரி மலையில் பாம்பு கடித்து இறந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் உடலை, ஆம்புலன்ஸ் மேலே போக வழியில்லாமல் தாய் கையில் தூக்கிக்கொண்டு நடந்த செய்தி நாடு முழுக்கப் பேசப்பட்டது. அது இந்த அணைக்கட்டுப் பகுதிதான். ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகள் வீட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் கிடைக்க வேண்டும் என்கிறது விதி. சமவெளியில் அது சைக்கிள் தூரம். ரோடு இல்லாத மலையில் அதே 3 கிலோமீட்டர் வேறு கணக்கு.

இதற்கு மேல் இன்னொரு விஷயம் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்கும்தான், அதாவது எட்டாம் வகுப்போடு சரி. குழந்தைத் தொழிலாளர் சட்டமும் 14 வயதுக்குக் கீழேதான் முழுத்தடை விதிக்கிறது. அங்கேயும் 2016 திருத்தத்துக்குப் பிறகு, பள்ளி நேரம் போக குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்று ஒரு கதவு திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. 14 தாண்டினால் அபாயகரமான வேலைகளுக்கு மட்டும் தடை. தோல் பதனிடுவது அந்தப் பட்டியலில் இருப்பதால் டேனரி கேட்டுக்குள் 18 வயதுக்குக் கீழ் யாரையும் வேலைக்குச் சேர்க்க முடியாது. மளிகைக் கடைக்கும் துணிக் கடைக்கும் ஓட்டலுக்கும் அந்தத் தடை இல்லை.

ஆக, ஒரு நடுநிலைப் பள்ளியின் கடைசி வகுப்பும் சட்டப் பாதுகாப்பின் கடைசி வருஷமும் கிட்டத்தட்ட ஒரே நாளில் முடிகின்றன. எட்டாவது டிசி வாங்கும் பிள்ளை அடுத்து ஒன்பதாம் வகுப்புக்காக வேறு பள்ளிக்கு, பெரும்பாலும் வேறு ஊருக்கு, போக வேண்டும். அந்த ஒரு அடியை எடுத்து வைக்கிறதா இல்லையா என்பதில் அந்தப் பிள்ளையின் மீதி வாழ்க்கை இருக்கிறது.

டையைப் பார்த்து, வேனைப் பார்த்து

பெற்றோர் எதைப் பார்த்து முடிவு செய்கிறார்கள்? பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதைத்தான். டை, ஷூ, வீட்டு வாசலுக்கு வரும் வேன், 'டாடி மம்மி' இங்கிலீஷ். இதற்காகப் பெற்றோரைக் குறை சொல்வது லேசு. ஆனால் பார்ப்பதற்கு வேறு எதையும் அரசு கொடுக்கவில்லையே? அரசுத் தரப்பும் இதே வழியில்தான் பதில் சொல்கிறது: ஸ்மார்ட் போர்டு, ஹைடெக் லேப், ஆசிரியர் கையில் டேப், சுவரில் பெயிண்ட். எல்லாம் தேவைதான். 2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, கட்டடம் முக்கியமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் நல்ல கட்டடம் பள்ளி நடத்துவதற்கான குறைந்தபட்சத் தகுதி. அதற்குப் பரிசு கொடுத்துக்கொண்டிருக்க முடியாது.

கழிப்பறையும் தண்ணீரும் அதே ரகம். பாலாற்று நிலத்தடி நீர் தோல் கழிவால் கெட்ட கதை 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பாகவே வந்துவிட்டது. இந்த வட்டாரத்தில் பள்ளிக் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறதா என்பதோடு, அது குடிக்கிற தண்ணீரா என்றும் கேட்கத்தான் வேண்டும்.

இங்கே பல குடும்பங்கள் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது. ஐந்தாவது வரை அரசுப் பள்ளி, ஆறாவதில் 'கொஞ்சம் நல்ல ஸ்கூல்' என்று தனியாருக்கு மாற்றுகிறவர்கள் நிறைய. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. அதற்கு ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் 2021-ல் அது நீட்டிக்கப்பட்டது. கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்திலும் எண்ணத் தொடங்குவது ஆறாம் வகுப்பிலிருந்துதான். தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்ட ஒதுக்கீட்டில் எட்டு வரை படித்துவிட்டு ஒன்பதில் அரசுப் பள்ளிக்கு வருகிறவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. மற்றபடி, ஆறாவதில் ஃபீஸ் கட்டிப் போகும் பிள்ளை, பிளஸ் டூ முடித்த பிறகு கிடைக்கக்கூடிய ஒரு வாய்ப்பையும் சேர்த்துக் கட்டிவிட்டுப் போகிறது. அப்படி ஒரு முடிவை எடுக்கும் குடும்பத்துக்கு உள்ளூர் நடுநிலைப் பள்ளி எப்படி இருக்கிறது என்று தெரிய ஒரு வழியும் இல்லை என்பது ரொம்ப அநியாயம்.

மூன்று ஆசிரியர், ஐந்து பாடம்

சரி, அப்போ எதைப் பார்ப்பது?

முதலில் ஆள் இருக்கிறாரா என்று பார்க்கலாம். ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளுக்கு அறிவியல்-கணிதத்துக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர் என்பது சட்டம் சொல்லும் குறைந்தபட்சம். 35 பிள்ளைக்கு ஒரு ஆசிரியர் இருக்க வேண்டும். வருஷத்துக்கு 220 வேலைநாள், 1,000 மணி நேரம் வகுப்பு. தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்று பாடம் ஐந்து. ஆசிரியர் மூன்று பேர் என்றால் யாரோ இருவர் தனக்குப் பழக்கமில்லாத பாடத்தையும் நடத்துகிறார்கள் என்று அர்த்தம். அதில் ஒரு இடம் காலியானால்? தமிழாசிரியர் கணக்கு போடுவார். இது பாவம், அவர் தப்பில்லை.

தலைமை ஆசிரியர் பதவி உயர்வுக்கு டெட் தேர்வு கட்டாயமா என்ற வழக்குகளில் நியமனங்கள் இழுபட்டன. பணியில் இருப்பவர்களும் டெட் எழுதித் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1-ம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு ஆசிரியர் அறைகளில் பேச்சு அதைப் பற்றித்தான். தீர்ப்பின் சரி தவறு தனி விவாதம். பெற்றோருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இந்தப் பள்ளியில் நிரந்தரத் தலைமை ஆசிரியர் இருக்கிறாரா, கணக்குக்கு ஆள் இருக்கிறாரா, இல்லையென்றால் எத்தனை மாதமாக இல்லை? பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்த தேதியை போட்டோவோடு போடுகிற நாம், கணக்கு ஆசிரியர் மாறுதலில் போன தேதியை எங்கேயும் எழுதி வைப்பதில்லை.

நடுவில் விட்டுப்போன மூன்று வகுப்பு

கொரோனாவுக்குப் பிறகு வந்த திட்டங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' தொடங்கியது. தொடக்க விழா நடந்ததே திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில்தான். ஆனால் திட்டம் முதலில் 1 முதல் 3 வகுப்புக்கு, பிறகு 4, 5-க்கு. காலை உணவு 2022-ல் தொடங்கி 2023-ல் விரிந்தபோதும் 1 முதல் 5 வரைதான். 'நான் முதல்வன்' பள்ளிகளில் 9 முதல் 12-க்கு. கீழேயும் கவனிப்பு, மேலேயும் கவனிப்பு. நடுவில் 6, 7, 8. கொரோனா காலத்தில் இரண்டாம், மூன்றாம் வகுப்பில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகள் இந்த வகுப்புகளுக்குத்தான் வந்து சேர்ந்தார்கள்.

2025-26 கல்வியாண்டில்தான் 6 முதல் 9 வகுப்புகளுக்குத் 'திறன்' என்ற திட்டம் வந்தது. அடிப்படைத் தேர்வு வைத்து, பின்தங்கியவர்களைப் பிரித்து, தமிழ், ஆங்கிலம், கணிதத்தில் தனிப் பயிற்சி தருவது அதன் வேலை. எட்டாவது வரை வந்தும் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று அரசே ஒப்புக்கொண்ட இடம் இது. தமிழ்நாட்டுக்கு மட்டுமான சங்கதியும் இல்லை. 2024-ம் ஆண்டின் ஏசர் ஆய்வில், நாடு முழுக்கக் கிராமப்புற எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் மூன்று இலக்க எண்ணை ஒற்றை இலக்கத்தால் வகுக்கத் தெரிந்தவர்கள் பாதிக்கும் குறைவு.

பள்ளிக்குப் பள்ளி சராசரியை ஒப்பிடுவதில் ஒரு பொறி இருக்கிறது. காட்பாடியில் அப்பாவும் அம்மாவும் டிகிரி முடித்த வீட்டுப் பிள்ளையையும், மலையிலிருந்து இறங்கி வரும் முதல் தலைமுறைப் பிள்ளையையும் ஒரே தராசில் வைத்தால் ஜெயிப்பது யார் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். ஜெயித்தது பள்ளியா, வீடா என்பதுதான் தெரியாது. வீட்டில் உருதோ தெலுங்கோ பேசும் பிள்ளைகளும் இந்தப் பகுதியில் இருக்கிறார்கள். ஆறாவதில் நுழையும்போது என்ன தெரிந்திருந்தது, எட்டாவது முடிக்கும்போது என்ன தெரிகிறது என்ற வித்தியாசம்தான் பள்ளியின் வேலை. ஆறாவதில் வாக்கியம் படிக்கத் திணறியவள் எட்டாவதில் ஒரு செய்தித்தாள் பத்தியை நிறுத்தாமல் படித்து, அதில் என்ன இருக்கிறது என்று தன் வார்த்தையில் சொன்னால், அந்தப் பள்ளி வேலை செய்திருக்கிறது. அதே மூன்று வருஷத்தில் நன்றாகப் படித்துக்கொண்டு வந்த பிள்ளை அங்கேயே நின்றுவிட்டிருந்தால், எவ்வளவு மார்க் வாங்கினாலும் பள்ளி தூங்கியிருக்கிறது.

இதற்கு ஆய்வுக் குழு வேண்டாம். அன்றைய பேப்பரும் ஒரு வகுத்தல் கணக்கும் போதும். நோட்டைப் புரட்டினால் இன்னும் தெரியும். சிவப்பு மையில் டிக் மட்டும் இருக்கிறதா, தப்பைத் திருத்தி மறுபடி எழுத வைத்திருக்கிறார்களா? கரும்பலகையில் இருந்ததை அப்படியே எழுதிய அழகான நோட்டைவிட, அடித்து அடித்துச் சொந்தமாக எழுதிய நோட்டு எவ்வளவோ மேல்.

வெளியாட்கள் திருத்தும் தேர்வு ஒன்றும் எட்டாம் வகுப்பில் உண்டு. என்எம்எம்எஸ் என்ற தேசிய வருவாய்வழி உதவித்தொகைத் தேர்வு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேறினால் ஒன்பது முதல் பிளஸ் டூ வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய். தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 6,695 இடங்கள். 'எங்க ஸ்கூல்ல ரெண்டு பேர் பாஸ்' என்று பேனர் கட்டினால் சந்தோஷம்தான். கூடவே எத்தனை பேரை எழுத வைத்தீர்கள் என்று கேட்க வேண்டும். தேறுவார்கள் என்று தோன்றிய இருவரை மட்டும் எழுத வைத்த பள்ளியும், வகுப்பில் தகுதியுள்ள அத்தனை பேரையும் எழுத வைத்து இருவர் தேறிய பள்ளியும் ஒன்றில்லை. இரண்டாவதுதான் நல்ல பள்ளி.

காமன் பூல் சொல்லும் உண்மை

இதையெல்லாம்விட நேரடியான அளவுகோல் ஒன்று இருக்கிறது. அரசின் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. போன வருஷம் எட்டாவது முடித்தவர்கள் இப்போது எங்கே?

பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு எண் உண்டு. டிசி கொடுத்ததும் அந்தப் பெயர் பழைய பள்ளியிலிருந்து எடுக்கப்பட்டு 'காமன் பூல்' என்ற பொதுத் தொகுப்புக்குப் போகும். அடுத்த பள்ளி சேர்த்துக்கொள்ளும்போது அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். ஜூனில் பூலில் இருக்கும் பெயர் ஆகஸ்டிலும் அங்கேயே இருந்தால், அந்தப் பிள்ளை எந்தப் பள்ளியிலும் சேரவில்லை, அல்லது வேறு மாநிலத்துக்குப் போய்விட்டது. ஒரு நடுநிலைப் பள்ளிக்கு உண்மையான ரிசல்ட் இதுதான். மே மாதம் வராது, ஆகஸ்டில் வரும்.

ஒரு பள்ளியில் எட்டாவது முடித்தவர்கள் 14 பேர் என்று வைத்துக்கொள்வோம். 12 பேர் ஒன்பதில் சேர்ந்துவிட்டார்கள். சதவீதத்தில் எழுதினால் 86. மாவட்ட மீட்டிங்கில் பவர்பாயிண்ட்டில் அது சுமாரான நம்பர். சின்னப் பள்ளிகளில் சதவீதமே ஏமாற்று. ஒரு வருஷம் இருவர் கூடக்குறைய ஆனாலே பள்ளி மாவட்டத்தில் மேலே போகும், கீழே வரும். பார்க்க வேண்டியது விடுபட்ட அந்த இரண்டு பெயர்களை. ஒருத்தி ஏன் வரவில்லை? ஒன்பதாவது இருக்கும் ஊருக்கு பஸ் இல்லையா? வீட்டில் தைக்கக் கை தேவைப்பட்டதா? கல்யாணப் பேச்சா? அவன் எட்டாவதிலேயே வாரத்தில் மூன்று நாள் வராதவனா? ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் வேறு. பஸ் என்றால் போக்குவரத்துக் கழகம். வேலை என்றால் தொழிலாளர் துறை. படிப்பு வராததால் விட்டுவிட்டான் என்றால் அது பள்ளி.

'குடும்பமே வேலைக்கு வெளியூர் போனால் நாங்க என்ன சார் பண்றது?' என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. எட்டாவது முடித்துப் போன பிள்ளையின் பின்னால் ஓட அவர்களுக்குச் சம்பளம் தரப்படவில்லை. ஆனால் நல்ல தலைமை ஆசிரியர்கள் பலர் இதைச் சொல்லாமலே செய்கிறார்கள். டிசியைக் கையில் கொடுத்து அனுப்பாமல், பக்கத்து உயர்நிலைப் பள்ளிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அட்மிஷன் போட்டுவிட்டு வருகிறார்கள். அந்த ஒரு நாள் வேலை எந்த விருதுப் பட்டியலிலும் இல்லை. எமிஸில் அதற்கு ஒரு கட்டமும் இல்லை.

பரீட்சை வைத்தால் சரியாகிவிடுமா?

'ஆல் பாஸை ஒழித்து எட்டாவதுக்குப் பொதுத்தேர்வு வையுங்கள், தரம் தானா வரும்' என்று சொல்பவர்கள் உண்டு. அதை ஒருமுறை தொட்டுப் பார்த்தாகிவிட்டது. 2019 செப்டம்பரில் 5, 8 வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று தமிழக அரசு ஆணை போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் 2020 பிப்ரவரி 4-ம் தேதி திரும்பப் பெற்றது. நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கணக்கு ஆசிரியரே இல்லாத பள்ளியில் படித்த பிள்ளை கணக்கில் ஃபெயில் ஆகியிருக்கும். தண்டனை பிள்ளைக்கு, பள்ளிக்கு ஒன்றுமில்லை. அணைக்கட்டு மாதிரி இடத்தில் 13 வயதில் ஃபெயில் என்பது, வேலைக்கு அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் வீட்டுக்குக் கிடைக்கும் அனுமதிச் சீட்டு.

2025 பிப்ரவரியில் 3, 5, 8 வகுப்புகளுக்கு மாநில அடைவு ஆய்வு நடந்தது. யாரையும் ஃபெயில் ஆக்காமல் பிள்ளைகளின் நிலையைத் தெரிந்துகொள்ளும் இந்த வழி எவ்வளவோ மேல். ஆனால் அப்படிக் கிடைக்கும் தகவல் கலெக்டர் மீட்டிங்கோடு நின்றுவிடக் கூடாது. பிள்ளையைப் பெற்றவர்களுக்கும் போக வேண்டும், புரிகிற தமிழில்.

அதற்கான இடம் ஏற்கனவே இருக்கிறது: பள்ளி மேலாண்மைக் குழு. சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 2022-லும் 2024-லும் மாநிலம் முழுக்க மறுபடி கட்டமைத்தார்கள். தீர்மானங்களை ஏற்ற ஆப் கூட இருக்கிறது. அதில் ஏறும் தீர்மானங்கள் பெரும்பாலும் சுற்றுச்சுவர், குடிநீர்த் தொட்டி, வகுப்பறை என்றே இருக்கின்றன. ஆகஸ்ட் மாதக் கூட்டத்தில் தலைமை ஆசிரியர் மூன்று விஷயத்தை வாசித்தால் போதும்: எந்தப் பாடத்துக்கு எத்தனை மாதமாக ஆள் இல்லை, 'திறன்' தேர்வில் ஜூலையில் பின்தங்கியிருந்த எத்தனை பேர் போன வருஷக் கடைசியில் தேறினார்கள், எட்டாவது முடித்தவர்களில் காமன் பூலில் இன்னும் நிற்பது எத்தனை பேர். பிள்ளைகளின் பெயரைப் பொதுவில் வாசிக்க வேண்டாம், எண்ணிக்கை போதும். ஆட்களைத் தேடிப் போவது குழுவின் வேலை. எந்தத் தெரு, எந்த வீடு என்று ஆசிரியரைவிட ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. கூட்டம் வேலைநாளில் மதியம் 3 மணிக்கு நடக்கும். ஷூ கம்பெனி பஸ் ஏறிப்போன அம்மா அந்த நேரத்தில் தையல் மெஷின் முன்னால் இருப்பார். அரை நாள் லீவு போட்டால் அரை நாள் சம்பளம் போகும். இந்த வட்டாரத்தில் அந்தக் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை காலைக்கு மாற்ற ஒரு சுற்றறிக்கை போதும்.